பத்தடி மெஷினின் பின்பக்கம்

பத்தடி ஃப்ளெக்ஸ் மெஷினைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முன்பக்கம் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். ஹெட் எத்தனை, பாஸ் எத்தனை, மணிக்கு எத்தனை சதுர அடி, கறுப்பு கறுப்பாக விழுகிறதா, முகத்தில் மஞ்சள் தூக்குகிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் புதிதில்லை. கோனிகா மினோல்டாவின் 512ஐ ஹெட் பூட்டி, 3.2 மீட்டர் அகலத்தில் சால்வென்ட் மையில் அடிக்கிற சீனத் தயாரிப்புகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. சில வாரங்கள் தொடர்ந்து வேலையில் போட்டுப் பார்த்த இந்த நாலு ஹெட் மெஷினும் அந்த ரகம்தான். அச்சு நன்றாக வருகிறது. அந்த விலைக்கு மிக நன்றாகவே வருகிறது. சாலையோரம் முப்பதடி உயரத்தில் தொங்கப்போகிற போர்டுக்கு இதைவிட நுணுக்கம் தேவையும் இல்லை. குறை முழுவதும் பின்பக்கத்தில், ரோலை ஏற்றுகிற இடத்தில் இருக்கிறது. மெஷினின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை, மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மாறுமே ஒழிய, இந்த விலையில் கிடைக்கிற பெரும்பாலானவற்றின் பின்பக்கம் இதுவேதான்.

அங்கே இருப்பது இரண்டு இரும்புத் தாங்கி, ஒரு நீள ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் மாட்டுகிற இரண்டு கோன். ரோலின் நடுவிலுள்ள அட்டைக் குழலுக்குள் ஷாஃப்ட்டைச் செருகி, இருபுறமும் கோனைத் தள்ளி, ஆலன் கீயால் இறுக்கி, மொத்தத்தையும் தூக்கித் தாங்கியில் உட்கார வைக்க வேண்டும். படத்தில் பார்த்தால் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஷாஃப்ட்டின் நீளம் மூன்றரை மீட்டர், ரோலின் நீளம் 3.2 மீட்டர். ஒன்றை இன்னொன்றுக்குள் செருக இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்றால், சுவரோ தூணோ குறுக்கிடாத ஏழு மீட்டர் இடம் வேண்டும். மெஷினுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் விற்பவர் மெஷினின் நீள அகலத்தைச் சொல்வார். ஷாஃப்ட் உருவும் இடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவேதான் பல கடைகளில் ரோல் மாற்றும்போது ஷட்டரைத் தூக்கி, ஷாஃப்ட்டின் பாதியைத் தெருவுக்கு நீட்ட வேண்டியிருக்கிறது. மாடியில் மெஷின் போட்டவர்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள். போதாக்குறைக்கு, மையின் நெடி வெளியேற வேண்டும் என்று எக்ஸாஸ்ட் இருக்கும் சுவரையொட்டியே மெஷினைப் போடுவதால், ஆள் நின்று தூக்க வேண்டிய பின்பக்கத்துக்கு மிஞ்சுவது ஓர் ஒற்றையடிப் பாதைதான்.

அடுத்தது எடை. 50 மீட்டர் நீளமுள்ள 3.2 மீட்டர் ரோல் என்றால் 160 சதுர மீட்டர். கல்யாண பேனருக்குப் போகிற 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) சரக்கில் அது ஏறத்தாழ 45 கிலோ. 340-க்குப் போனால் 54 கிலோவைத் தாண்டும். வெளிப்புற விளம்பரப் பலகைக்கான 440-இல் 70 கிலோ. இதெல்லாம் வெறும் சரக்கின் எடை. அட்டைக் குழலும் இரும்பு ஷாஃப்ட்டும் தனி. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய தூக்குதல் சூத்திரம், எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலேயே ஒருவர் தூக்கத்தக்க எடையாக 23 கிலோவைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு பேருக்கு 46. அதாவது தாராளமான இடத்தில், உடம்பை ஒட்டிப் பிடித்து, குனியாமல் திரும்பாமல் தூக்கினால்கூட, இருப்பதிலேயே இலேசான ரோல்தான் ஷாஃப்ட்டை மறந்துவிட்டால் அந்த எல்லைக்குள் மயிரிழையில் அடங்குகிறது. ஒற்றையடிப் பாதையில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு, இருவரும் ஒரே நொடியில் தூக்கி, ஒரே நொடியில் தாங்கிக்குள் இறக்க வேண்டிய வேலை அது. ஒரு முனை முந்தி உட்கார்ந்தால் மறுமுனையில் நிற்பவரின் விரல் போகும்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், ஐம்பது மீட்டர் ஓடி முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அதற்கு ஒரு தடவை பத்து நிமிடம் கஷ்டப்பட்டால் என்ன என்பது. ஒரே சரக்கில் நாளெல்லாம் அடிக்கிற பெரிய கூடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். தேர்தல் நேரத்தில் ஒரு வாரம் யாருக்குமே பொருந்தும். மற்ற நாட்களில் கடைக்கு வருகிற வேலை அப்படி வருவதில்லை. காலையில் ஒரு காதுகுத்து பேனர், அதற்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் உள்விளக்குப் பெட்டிக்குப் பேக்லிட், மதியம் கண்ணாடியில் ஒட்ட ஒன்வே விஷன், இடையில் யாரோ ஒருவருக்கு ஸ்டார் ஃப்ளெக்ஸ். ரோல் தீர்ந்துபோய் மாற்றுவது குறைவு. வேலை மாறுவதால் பாதி ரோலை இறக்கி வேறொன்றை ஏற்றுவதே அதிகம். இறக்குவதும் ஏற்றுவதற்குச் சமமான வேலைதான், இன்னும் சொன்னால் அதைவிடக் கூடுதல். பாதி தீர்ந்த ரோல் தளர்ந்து ஓரம் பிதுங்காமல் சுற்றிக் கட்டி வைக்க வேண்டும். இதோடு சேதாரம் வேறு. புதிதாக ஏற்றிய சரக்கை ஹெட்டுக்கு அடியில் இழுத்து, முன்னால் இறக்கி, அச்சடித்ததைச் சுற்றிக்கொள்கிற டேக்-அப்பில் ஒட்டுவதற்கு ஒன்றேகால் மீட்டர் வெறுமனே போகிறது என்று வைத்தால், 3.2 மீட்டர் அகலத்தில் அது நாலு சதுர மீட்டர், 43 சதுர அடி. சதுர அடிக்குச் சில ரூபாய் வைத்துப் பிழைக்கிற தொழிலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்ன பேனர் குப்பைக்குப் போகிறது.

இந்தச் செலவைவிடப் பெரியது அதைத் தவிர்ப்பதற்காகக் கடைக்காரர் செய்யும் சமரசம். ரோல் மாற்றுவது தொல்லை என்று ஆனவுடன், வேலைகள் வாக்குக் கொடுத்த நேரப்படி ஓடுவது நின்று, மெஷினில் எந்த ரோல் கிடக்கிறதோ அதன்படி ஓட ஆரம்பிக்கின்றன. பேக்லிட் வேலை ஒன்றுதான் இருக்கிறதா, இன்னும் இரண்டு சேரட்டும் என்று அது நாளைக்குத் தள்ளப்படுகிறது. 340 கேட்டவருக்கு மெஷினில் இருக்கிற 280-லேயே அடித்துத் தருவதும் நடக்கிறது. தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வாடிக்கையாளர் நூற்றில் ஒருவர். தரம் குறைந்ததென்றும் வாக்குத் தவறியதென்றும் கடைக்காரர் மேல் விழுகிற பழியில் பாதி, இரண்டு கோனும் ஓர் ஆலன் கீயும் சம்பாதித்துக் கொடுத்தது. மணிக்கு இத்தனை சதுர அடி என்று பிரசுரத்தில் போடுகிற எண் இதில் எதையும் காட்டுவதில்லை. அந்த எண் ஹெட் நகரும் வேகம். கடை நகரும் வேகம் வேறு.

இனி, ஏற்றிய பிறகு வருகிற சங்கதிகள். கோன் இரண்டும் ஒன்றுபோல் இறுகவில்லை என்றாலோ, அட்டைக் குழல் லாரியில் அடிபட்டு ஒரு முனை நசுங்கியிருந்தாலோ, ரோல் ஷாஃப்ட்டுக்கு நடுநாயகமாக உட்காராது. சுற்றும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கும். அதையும் மீறி ஆபரேட்டர் பொறுமையாக ஓரம் பார்த்து, முன்னும் பின்னும் நேராக்கி, அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவராக நின்று சமமாக இழுத்துவிட்டாலும், இரண்டு மீட்டர் பாதையில் இரண்டு மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்குத் தெரியாது. மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். முதல் ஐந்தடி அச்சில் எந்தக் கோளாறும் இருக்காது. பத்து மீட்டர் போனதும், சரக்கு பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் ஒதுங்கப் பார்க்கும்; ரப்பர் ரோலர் அதை ஒதுங்க விடாமல் பிடித்திருப்பதால் ஓர் ஓரம் இறுகும், மறு ஓரம் தளரும். தளர்ந்த ஓரம் அலை அலையாக எழும். ஹெட்டுக்கும் சரக்குக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வாக்யூம் உறிஞ்சிப் பிடித்தாலும் பத்தடி அகலத்தில் ஓரத்து அலையை முழுக்க அமுக்குவதில்லை. அந்த அலையின் மேல் ஹெட் வந்து உரசினால் வேலை கெடுவதோடு முடியாது. மேற்கொண்டு ஹெட்டின் துளைத் தகடும் கெடும்.

இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது. ரோல் தானாக உருண்டு ஓடாமல் இருக்க ஷாஃப்ட்டின் முனையில் ஓர் உராய்வுப் பிரேக் வைத்திருக்கிறார்கள்: ஒரு பட்டை, ஒரு திருகு. அது எப்போதும் ஒரே முறுக்கத்தோடுதான் பிடிக்கும். ஆனால் சரக்கின் மேல் விழுகிற இழுவிசை என்பது அந்த முறுக்கத்தை ரோலின் ஆரத்தால் வகுத்து வருவது. 0.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃப்ளெக்ஸ் 50 மீட்டர், மூன்று அங்குலக் குழலில் சுற்றியிருந்தால், முழு ரோலின் ஆரம் 87 மில்லிமீட்டர் அளவில் வரும். தீரும்போது குழலின் ஆரமான 44 மட்டும் மிஞ்சும். ஆரம் பாதியானால் இழுவிசை இரண்டு மடங்கு. எனவே முழு ரோலில் சரியாக வைத்த ஸ்டெப் (ஒரு பாஸுக்குச் சரக்கு முன்னேறும் அளவு), ரோலின் கடைசியில் சரியாக இருக்காது. பின்னாலிருந்து இழுப்பு கூடக் கூட ஒவ்வொரு நகர்விலும் சரக்கு இம்மி குறைவாக முன்னேறுகிறது, பாஸ்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன, வானத்து நீலத்தில் கரிய கோடுகள் விழுகின்றன. திருகைத் தளர்த்தினால் கோடு மறைகிறது. அடுத்த முழு ரோலை ஏற்றும்போது தளர்ந்த திருகு அப்படியே இருந்தால் சரக்கு தொய்ந்து இம்முறை வெள்ளைக் கோடு. இந்த நகர்வு மாறுபாடு ஒற்றைப் பேனரில் பெரிய குற்றமாகத் தெரியாது. 40-க்கு 20 அடிப் பலகையை எடுத்துக்கொண்டால் தெரியும். அதைப் பத்தடி அகலத்தில் நாலு பட்டைகளாக அடித்து ஒட்டுகிறோம். ஒவ்வொன்றின் நீளமும் 20 அடி, 6.1 மீட்டர். ஒரு பட்டை தீரும் ரோலிலும் அடுத்த பட்டை புதிதாக ஏற்றிய முழு ரோலிலும் விழுந்து, நகர்வில் ஆயிரத்துக்கு இரண்டு வித்தியாசம் வந்தால் நீளத்தில் 12 மில்லிமீட்டர் இடிக்கும். ஒட்டுமிடத்தில் ஓர் எழுத்து வந்தால் அதன் சுழி ஒரு பட்டையிலும் கொம்பு இன்னொன்றில் அரை அங்குலம் கீழேயும் நிற்கும். ஒட்டுகிற பையன் மேல் எரிந்து விழுவார்கள்.

சரக்கின் பக்கமும் தவறு உண்டு என்பதை மறுக்க முடியாது. செங்குத்தாக நிறுத்தி வைத்த ரோல் சரிந்து ஓரம் படிக்கட்டாகப் பிதுங்கியிருக்கும். பின்தாளோடு வருகிற வினைல், ஈரக்காற்றில் பிரித்துப் போட்டால் தாள் மட்டும் ஈரம் குடித்து விரிந்து, வினைல் விரியாமல் ஓரத்தில் குமிழ்விடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது மழைக்காலத்துக்கு மட்டுமான தொல்லையில்லை. குளிர்சாதன அறையில் மெஷினும் வெளி வராந்தாவில் சரக்கும் இருந்தால் எந்த மெஷினும் தடுமாறத்தான் செய்யும். ஒருநாள் முன்னதாகவே ரோலை உள்ளே கொண்டுவந்து கிடத்தி வைப்பது நல்லது. ஆனால் இவற்றை நியாயமாகச் சொல்லிக்காட்டும் உரிமை, ரோலை நடுவில் உட்காரவைத்து ஒரே சீராக இழுக்கத் தெரிந்த மெஷினுக்குத்தான் உண்டு.

எரிச்சலைக் கூட்டுவது என்னவென்றால், இதே மெஷினின் முன்பக்க டேக்-அப் அருமையாக வேலை செய்கிறது. தொய்வில் ஒரு கம்பி கிடக்கிறது, அது இறங்கினால் சென்சார் பார்க்கிறது, மோட்டார் தேவையான அளவு மட்டும் சுற்றிக்கொள்கிறது. இரவு முழுக்க விட்டுவிட்டுப் போனாலும் காலையில் வெட்டி எடுத்தாற்போல் ஓரம் ஒன்றுபோல் சுற்றியிருக்கிறது. சீரான இழுவிசை என்றால் என்ன என்று இதைச் செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், வாடிக்கையாளர் டெமோவில் பார்க்கிற பக்கத்துக்குச் சென்சாரும் பார்க்காத பக்கத்துக்குத் திருகும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள்.

நல்ல ஆபரேட்டர் இருந்தால் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை என்பது அடுத்த வாதம். உண்மைதான், நல்ல ஆபரேட்டர் கைவைத்துப் பார்த்தே இழுப்பைச் சொல்லிவிடுவார், ரோல் கரையக் கரையத் திருகைக் கால் சுற்று தளர்த்திக்கொண்டே போவார். ஆனால் அந்த வாதம் மெஷினுக்குச் சாதகமானதில்லை. அது ஆபரேட்டரைப் பாராட்டுகிறது. நிறம் சரிபார்க்கவும் நாஸில் சுத்தம் பார்க்கவும் வேண்டிய ஆளை, ஒரு மீட்டர் சரக்குக்கு ஒரு தடவை பின்பக்கம் ஓட வைக்கிற மெஷினை நல்ல மெஷின் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் மூன்றரை மீட்டர் ஷாஃப்ட்டை அவர் தனியாகத் தூக்க முடியாது. இரவு ஷிப்டில் மெஷினுக்கு ஓர் ஆள் போதும், ரோல் மாற்றத்துக்காகவே இரண்டாவது ஆள் படுத்திருக்க வேண்டும். ஆள்கூலி மலிவு என்கிற பழைய கணக்கு எந்த ஊரில் இன்னும் செல்லுபடியாகிறது என்பதைக் கடை நடத்துகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வேறு எப்படித்தான் செய்வது என்று கேட்டால், பதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2013-இல் வந்த எச்பி லேடெக்ஸ் 3000, இதே 3.2 மீட்டர் அகலம். அதன் ஷாஃப்ட்டைச் செருகிவிட்டுக் காற்று ஊதினால் அது விரிந்து குழலை உள்ளிருந்தே பிடித்துக்கொள்கிறது. கோனும் இல்லை, ஆலன் கீயும் இல்லை, நசுங்கிய குழலானாலும் பெரும்பாலும் நடுவில் நிற்கும். இரண்டு சிறிய ரோல்களை அருகருகே ஒரே ஷாஃப்ட்டில் மாட்டி, ஒன்று சீக்கிரம் கரைந்தாலும் இழுவிசை கெடாதபடி ஓட்டவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். எப்சனின் ஷூர்கலர் எஸ் வரிசையில் ஷாஃப்ட்டே கிடையாது; இரு முனையிலும் பிடிப்பான்கள் வந்து ரோலைக் கவ்வும். 2017-இல் வந்த கேனனின் கொலராடோ 1640-இல் இழுப்பறையில் வைப்பதுபோல இரண்டு ரோல்களை உள்ளே வைத்துவிட்டால், எது வேண்டுமோ அதை மெஷினே எடுத்துக்கொள்கிறது. காதுகுத்துக்கும் மருந்துக்கடைக்கும் இடையே யாரும் எதையும் தூக்க வேண்டாம்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. எப்சனும் கொலராடோவும் 1.6 மீட்டர் மெஷின்கள். அரை அகலத்து ரோலின் எடையும் அரையே. பத்தடியில் அதே வித்தையைச் செய்தால் சட்டமும் விலையும் எங்கோ போகும். மேலும் தானாக ஏற்றுகிற மெஷின்கள் எல்லாம் சொன்னதைக் கேட்பதில்லை. ஒளி வைத்து ஓரம் பார்க்கிற சென்சாருக்குக் கண்ணாடி போன்ற ஃபிலிமின் ஓரம் தெரியாது. மெஷின் நின்றுவிடும், சென்சாரை ஏமாற்ற டேப் ஒட்ட வேண்டி வரும். திருகு பிரேக் எந்தச் சரக்கையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் ஒரே பெருமை, மலிவான சரக்கில் பிழைக்கிற கடைக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆகவே இந்த விலையில் இழுப்பறையும் தானியங்கி ஓரம் பார்த்தலும் கேட்பது அதிகம்தான். ஆனால் காற்றில் விரியும் ஷாஃப்ட்டும், ரோலின் ஆரத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிற பிரேக்கும் அப்படிப்பட்ட ஆடம்பரங்கள் இல்லை. பிளாஸ்டிக் கவர் அடிக்கிற கிராவூர் மெஷின்களிலும் லேமினேஷன் மெஷின்களிலும் அவை பல்லாண்டுகளாக இருக்கின்றன, தனியாகவும் கிடைக்கின்றன. ஒரு ஷாஃப்ட்டின் விலை பெரும்பாலும் ஒரு ஹெட்டின் விலையைத் தாண்டாது. நாலு ஹெட்டை எட்டாக்கினால் விற்பனைப் பிரசுரத்தில் ஓர் எண் இரட்டிப்பாகும். ஷாஃப்ட்டை மாற்றினால் பிரசுரத்தில் எழுத எதுவும் இல்லை. அதனால்தான் அது நடப்பதில்லை.

வாங்கலாமா என்றால், அச்சுக்காக வாங்கலாம், அதுவும் ஷட்டரைத் திறக்காமலே ஷாஃப்ட் உருவ ஏழு மீட்டர் நேர் இடம் இருந்தால். இல்லாதவர்கள் ஆறடி மெஷினோடு நிறுத்திக்கொண்டு, பத்தடி வேலையை வெளியே கொடுத்து வாங்குவதே லாபம். டெமோவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: போகும்போதே ரோல் ஏற்றி, ஓரம் பார்த்து, ஒரு சிங்கமோ ரோஜாப்பூவோ பாதி அடித்த நிலையில் மெஷின் தயாராக நிற்கும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். கிடக்கிற ரோலை இறக்கி, 440 ஜிஎஸ்எம் புது ரோல் ஒன்றை ஏற்றி, இருபது மீட்டர் கழித்து ஓரம் எங்கே நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு விலை பேசும்போது, இன்னும் இரண்டு ஹெட் இலவசம் என்று ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காற்று ஷாஃப்ட் இரண்டும் ரோலைத் தூக்கி வைக்க ஒரு கைத்தள்ளு லிஃப்டும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஷாஃப்ட் இரண்டாக இருந்தால், ஒரு ரோல் ஓடும்போதே அடுத்ததைச் செருகித் தயாராக வைக்கலாம்.